வண்டி இன்சூரன்ஸ்: யார் பொறுப்பு, யார் பணம் கட்டுவது?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றச் செய்தி ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுற்று சுற்றியது. "வேகமாக ஓட்டிச் செத்தால் இன்சூரன்ஸ் கிடையாது" என்ற ரீதியில்தான் பெரும்பாலான ஃபார்வர்டுகள் இருந்தன. எதிரே வருபவன் வேகமாக வந்து இடித்தாலும் இனிமேல் நமக்குப் பணம் வராது போல என்று சிலர் பயந்தார்கள், எல்ஐசி பாலிசி, டெர்ம் பாலிசியைக்கூட வேகத்தைக் காட்டி மறுத்துவிடுவார்கள் போல என்று வேறு சிலர். இரண்டும் தப்பு. ஆயுள் காப்பீடு தனி ஒப்பந்தம், இந்த வழக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மோட்டார் இன்சூரன்ஸைப் பொறுத்தவரையிலும் அந்த வழக்கில் புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை, பல வருடங்களாகக் கோர்ட்டுகள் சொல்லிவந்ததைத்தான் திரும்பச் சொன்னார்கள். அது நமக்குப் புதிதாகத் தெரிந்ததற்குக் காரணம், வண்டி பாலிசி யாருடைய பொறுப்பைச் சுமக்கிறது என்பதை பாலிசி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அதனால் அடிப்படையிலிருந்தே வருவோம்.

முதலில் பொறுப்பு, அப்புறம்தான் பாலிசி

விபத்து என்றதும் நம் வாயில் வரும் முதல் கேள்வி, "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" கோர்ட்டில் அது இரண்டாவது கேள்வி. யாருடைய கவனக்குறைவால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு எஃப்ஐஆர்களில் மாறாமல் வரும் ஒரு வாசகம் உண்டு: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". படிப்பவர்களுக்கு அது போலீஸ் எழுதும் சம்பிரதாய வரி போலத் தெரியும், ஆனால் பின்னால் வரும் இழப்பீட்டு வழக்கு பெரும்பாலும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கும்.

ஒரு விபத்தில் இருந்து இரண்டு வழக்குகள் கிளம்பும்.

1. கிரிமினல் வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ) இங்கே வரும். இது ஓட்டியவர் மேல் மட்டும். ஜெயிலோ அபராதமோ அவர்தான் அனுபவிக்க வேண்டும், எந்த பாலிசியும் இதைச் சுமக்காது.

2. இழப்பீட்டு வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 166-ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடுவது. வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்பார்கள். இதில் ஓட்டியவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது வழக்கம்.

கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டால் இழப்பீடும் போச்சு என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கிடையாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினாலே போதும். அளவுகோல் வேறு என்பதால் முடிவும் வேறாக வரலாம்.

டிரைவர் செய்த தப்புக்கு உரிமையாளர் ஏன் பணம் கட்ட வேண்டும்? தன் வேலைக்காக, தன் அனுமதியோடு வண்டியை ஓட்டவிட்டவர் அதன் விளைவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டத்தின் பழைய கொள்கை. ஆக இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டியவரிடம் பிறந்து, உரிமையாளரிடம் போய், அங்கிருந்துதான் கம்பெனிக்கு வருகிறது. கம்பெனியின் பொறுப்பு உரிமையாளர் பொறுப்பின் நிழல்தான். அவருக்குப் பொறுப்பு இல்லாத இடத்தில் கம்பெனிக்கும் இருக்காது. இனி வரப்போகும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அவிழ்த்துவிடலாம்.

மூன்றாம் நபர் யார்?

தேர்டு பார்ட்டி என்று எல்லாரும் சொல்கிறோம். முதல் பார்ட்டி பாலிசி எடுத்த உரிமையாளர், இரண்டாவது பார்ட்டி கம்பெனி. இந்த இருவருக்கும் வெளியே நின்று, அந்த வண்டியால் அடிபட்டவர்தான் மூன்றாம் நபர்: நடந்து போனவர், எதிர் வண்டியில் வந்தவர், டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தவர்.

146-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம். இந்த பாலிசிக்குப் பணம் கட்டுவது நாம், ஆனால் அது காப்பாற்றுவது முன்பின் தெரியாத ஒருவரை. நம் வண்டிக்கோ நமக்கோ இதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதனால்தான் பிரீமியத்தைக் கம்பெனி இஷ்டத்துக்கு விடாமல் மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022-ல் அறிவித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையுள்ள டூவீலருக்கு வருடத்துக்கு 714 ரூபாய், 1000 சிசிக்குக் கீழுள்ள காருக்கு 2,094 ரூபாய், வரி தனி. இந்தப் பணத்துக்குக் கிடைக்கும் காப்பு எவ்வளவு தெரியுமா? உயிர்ச்சேதம், உடல்காயத்துக்கு உச்சவரம்பே இல்லை. தீர்ப்பாயம் ஒரு கோடி என்றால் ஒரு கோடி. அடுத்தவர் சொத்துக்கு வரும் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு, காருக்கு 7.5 லட்சம், டூவீலருக்கு 1 லட்சம்.

புது வண்டி வாங்கும்போது காருக்கு மூன்று வருடம், டூவீலருக்கு ஐந்து வருடம் என்று மூன்றாம் நபர் பாலிசியை மொத்தமாகத் தலையில் கட்டுகிறார்களே, அது ஷோரூம்காரர் தந்திரம் என்று ஒரு பேச்சு உண்டு. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. 2018 செப்டம்பர் 1 முதல் அது உச்ச நீதிமன்ற உத்தரவு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. முதல் வருடம் முடிந்ததும் டூவீலர்காரர்கள் பாலிசியைப் புதுப்பிக்காமலே ஓட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

பாலிசியே இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை அபராதம் 2,000, அடுத்த தடவை 4,000, மூன்று மாதம் வரை ஜெயிலும் உண்டு. இதை நினைத்துப் பயப்படுபவர்கள் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. அந்த நேரத்தில் யாராவது அடிபட்டுவிட்டால் நிழல் விழக் கம்பெனி இல்லை, முழு இழப்பீடும் உரிமையாளர் தலையில். கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட்டு வீடு நிலத்தை ஜப்தி செய்யும் வரை போகலாம்.

அந்த 2025 வழக்கு

கர்நாடகத்தில் 2014-ல் நடந்த விபத்து. கார் கவிழ்ந்து, ஓட்டியவர் இறந்தார். வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. வேகமும் அஜாக்கிரதையும் ஓட்டியவருடையதுதான் என்று போலீஸ் குற்றப்பத்திரிகையே சொன்னது. குடும்பம் 80 லட்சம் இழப்பீடு கேட்டது. தீர்ப்பாயம் மறுத்தது, கர்நாடக உயர்நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றம் தலையிட விரும்பவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. (இப்படித் தலையிட மறுப்பதும் புதிதாகச் சட்டம் வகுப்பதும் ஒன்றல்ல. தலைப்பு எழுதுபவர்களுக்கு இந்த வித்தியாசம் எப்போதுமே ஒரு பொருட்டில்லை.)

மேலே பார்த்த கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். தப்பு செய்தவரும் இறந்தவரும் ஒரே ஆள். அவர் உயிரோடு இருந்திருந்தால் தனக்குத்தானே நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும், அப்படி ஒரு பொறுப்பு சட்டத்தில் இல்லை. அவருக்கே இல்லாத உரிமை அவர் வாரிசுக்கும் வராது. பொறுப்பு என்ற ஒன்று பிறக்கவே இல்லாதபோது கம்பெனி எதைச் சுமக்கும்?

அதே கார், அதே விபத்து, ஆனால் அடிபட்டவர் வேறு என்றால் பதில் மாறும்:

1. உரிமையாளரே ஓட்டி இறந்தால், மூன்றாம் நபர் பிரிவில் ஒன்றும் இல்லை. ஆனால் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் 15 லட்சம் வரும். யார் தப்பு என்று அங்கே கேட்க மாட்டார்கள், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் போதும். ஒரு காலத்தில் இது டூவீலருக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்று சொற்பமாகக் கிடந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை ஒட்டி 2018-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதை 15 லட்சமாக்கியது. ஆன்லைனில் பாலிசி போடும்போது இருநூறு முன்னூறு குறையும் என்று இந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுபவர்கள் நிறைய. எடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

2. நண்பரிடம் வண்டியை இரவல் வாங்கி ஓட்டிப் போய், தானே இடித்துக்கொண்டு இறந்தால்? அவர் அந்த நேரத்துக்கு உரிமையாளர் இடத்தில் இருக்கிறார் என்பது உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் எடுத்த நிலை. அதனால் அவரும் மூன்றாம் நபர் ஆக மாட்டார். 15 லட்சம் காப்போ ஆர்சியில் பேர் இருப்பவருக்கானது. இரவல் வண்டிதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

3. மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் இறந்தால், தப்பு அவருடையதே என்றாலும், தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்படி ஒரு தொகை உண்டு. அந்த அளவுக்கு மூன்றாம் நபர் பாலிசியே பொறுப்பேற்க வேண்டும்.

4. ரோட்டில் போனவர் இறந்தால் முழு இழப்பீடும் கம்பெனி பொறுப்பு. ஓட்டியவரின் வேகம் இங்கே வழக்கைப் பலப்படுத்தத்தான் செய்யும்.

காரில் கூட உட்கார்ந்து வந்தவர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதைத் தனியாகப் பார்ப்போம்.

பின்னால் உட்கார்ந்து வந்தவர்

பாலிசியில் இரண்டு வகை. வெறும் மூன்றாம் நபர் பாலிசி ஒன்று, அதை ஆக்ட் பாலிசி என்பார்கள். அதோடு நம் வண்டிச் சேதத்தையும் சேர்த்துக் காப்பது பேக்கேஜ் பாலிசி, பேச்சுவழக்கில் ஃபுல் இன்சூரன்ஸ். இரண்டுக்கும் வித்தியாசம் வண்டி ரிப்பேர் செலவு மட்டும்தான் என்று நினைத்துத்தான் பழைய வண்டிக்கு ஆக்ட் பாலிசி போதும் என்று முடிவு செய்கிறோம். ஆனால் ஆள் விஷயத்திலும் வித்தியாசம் இருக்கிறது.

சொந்த காரிலோ பைக்கிலோ ஓசியில் கூட வருபவர், ஆக்ட் பாலிசியின் கணக்கில் மூன்றாம் நபர் இல்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேக்கேஜ் பாலிசி என்றால் பைக்கின் பின்னால் இருப்பவரும் காரில் வருபவரும் அதற்குள் வருவார்கள். 2009-ல் ஆணையம் சுற்றறிக்கையாகவே இதைக் கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியது, 2012-க்குப் பின் வந்த தீர்ப்புகளும் அதை ஒட்டியே போகின்றன. ஆக, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஆக்ட் பாலிசி பைக்கில் போய், நம் தப்பால் விழுந்து அவருக்கு அடிபட்டால், பொறுப்பு நம்முடையதுதான், ஆனால் சுமக்க ஆள் இல்லை. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது இதற்குத்தான்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் இதே ஓட்டையை அடைக்கப் பார்த்தது. செப்டம்பர் 1 முதல் விற்கும் எல்லாப் புது வண்டிக்கும் ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் பாலிசி கட்டாயம், அதில் ஓட்டுபவர், கூட வருபவர், உரிமையாளர் எல்லாரும் அடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வண்டித் தயாரிப்பாளர்கள், டீலர்கள், கம்பெனிகள் எல்லாரும் பதறிப்போய் ஓடிவர, அதே செப்டம்பரில் நீதிபதியே உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சட்டம் இயற்றுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நோக்கம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடையில் விற்கும் பம்பர் டு பம்பர் பாலிசி உதிரிபாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது, ஆள் காப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதை எடுத்திருக்கிறோம், வண்டியில் எல்லாரும் பத்திரம் என்று இருப்பவர்கள் பாலிசி தாளில் கூட வருபவர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு வண்டி மோதி, இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கும்போது பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லாததால், இரண்டு வண்டியில் எந்த ஒன்றின் மேல் வேண்டுமானாலும் முழுத் தொகைக்கும் வழக்குப் போடலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பங்கு பிரித்துக்கொள்வது அவர்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியது. நம் வண்டிக்கு ஆக்ட் பாலிசிதான் என்றாலும் எதிர் வண்டியின் கம்பெனியிடம் போகலாம்.

அப்புறம் லோடு வண்டி. முகூர்த்த நாளிலும் திருவிழா சமயத்திலும் குட்டி யானையில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சரக்கு வண்டியில் ஓசியில் ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு போனால் மட்டும்தான் காப்பு. வண்டி கவிழ்ந்தால் அந்த முப்பது குடும்பமும் வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும், அவரிடம் இருப்பதோ தவணை முடியாத அந்த வண்டி ஒன்றுதான்.

பாலிசி இருந்தும் கம்பெனி கைவிரிக்கும் இடங்கள்

கம்பெனி தப்பிக்க என்னென்ன காரணம் சொல்லலாம் என்று சட்டமே 150-ஆம் பிரிவில் (2019 திருத்தத்துக்கு முன் 149) பட்டியல் போட்டிருக்கிறது. அதற்கு வெளியே புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. அடிக்கடி வருபவை இவை.

1. லைசென்ஸ். இல்லை, காலாவதி, வேறு வகை, போலி என்று பல ரகம். லைசென்ஸ் சரியில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் தெரிந்தே விட்டார் அல்லது பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டார் என்றும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லைசென்ஸ் வகை பற்றிய சண்டையில் ஒரு பெரிய பகுதி 2024 நவம்பரில் ஓய்ந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை சாதாரண இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. குட்டி யானை, டாக்சி, ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

2. குடி. 2019 திருத்தத்தில்தான் இது கம்பெனி சொல்லக்கூடிய காரணமாகச் சட்டத்தில் ஏறியது.

3. சிறுவர் ஓட்டுவது. பதினெட்டு முடியாத பையனிடம் சாவியைக் கொடுத்தால் 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை ஜெயில், 25,000 அபராதம், பன்னிரண்டு மாதத்துக்கு ஆர்சி ரத்து. இது போக இழப்பீட்டுத் தொகையைக் கம்பெனி உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கும்.

4. பிரீமியம். பணம் கைக்கு வராமல் காப்பு தொடங்காது என்பது 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு. கொடுத்த செக் திரும்பிவிட்டால்? கம்பெனி பாலிசியை ரத்து செய்து அதை உரிமையாளருக்கு விபத்துக்கு முன்பே தெரிவித்திருந்தால் தப்பிக்கலாம், தெரிவிக்காமல் இருந்து அதற்குள் விபத்து நடந்தால் மூன்றாம் நபருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். காலையில் இடித்துவிட்டு மத்தியானம் ஆன்லைனில் பாலிசி போடுபவர்களும் உண்டு. பாலிசியில் மணி, நிமிடம் எல்லாம் அச்சாகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஏதோ ஒரு நப்பாசை.

இங்கேதான் "பே அண்ட் ரெக்கவர்" வருகிறது. உரிமையாளர் நிபந்தனையை மீறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ரோட்டில் அடிபட்டவரைத் தண்டிப்பது எப்படி நியாயமாகும்? எனவே கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட்டுகள் உத்தரவு போடுகின்றன. பாதிக்கப்பட்டவர் பார்வையில் இது வரப்பிரசாதம். உரிமையாளர் பார்வையில், "கம்பெனி பணம் கட்டிடுச்சாம்" என்று நிம்மதியாக இருந்த இரண்டு மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வசூல் நோட்டீஸ் வரும். பாலிசி இருப்பதும் இல்லாததும் அவருக்கு அப்போது ஒன்றுதான். தன் வண்டிச் சேதத்துக்கான கிளைமோ, அது வெறும் ஒப்பந்த விவகாரம் என்பதால், அதில் இந்தக் கருணையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

ஆர்சியில் யார் பேர்?

வண்டியை விற்றாச்சு, பணமும் வாங்கியாச்சு, 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு, "பேர் மாத்திக்கிறேன்ணே" என்று சொல்லிப் போனவர் மாற்றவே இல்லை. அவர் யாரையாவது இடித்துவிட்டால் நோட்டீஸ் யாருக்கு வரும்? ஆர்சியில் பேர் இருப்பவருக்கு. வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் இருப்பவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு கையாகத் தேடிப் போகச் சொல்வது நியாயமில்லை என்பது அதன் காரணம், சரியான காரணம்தான்.

வாங்கியவர் பக்கமும் ஒரு சிக்கல். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பு தானாகவே புது உரிமையாளருக்கு மாறியதாக 157-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது, பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் சொந்தச் சேதக் காப்பு அப்படித் தானாக மாறாது. பழைய பேரில் பாலிசி இருக்க, புதியவர் ரிப்பேர் கிளைம் கேட்டால் "உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லையே" என்பார்கள், கோர்ட்டும் அதை ஏற்கும்.

தொகை எப்படி வருகிறது

ஏதோ நீதிபதி மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கிறார் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மையில் 2009 சர்ளா வர்மா, 2017 பிரணய் சேத்தி என்ற இரண்டு தீர்ப்புகளில் வாய்ப்பாடு மாதிரி வகுத்துவைத்திருக்கிறார்கள்.

சொந்தத் தொழில் செய்த 34 வயதுக்காரர், மாத வருமானம் 20,000, மனைவி, இரண்டு குழந்தை, அம்மா என நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. வருட வருமானம் 2,40,000.
2. எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. (நிரந்தர வேலையில் இருந்திருந்தால் 50 சதவீதம்.)
3. தனக்கென்று செலவழித்திருக்கக்கூடியதாக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 2,52,000.
4. 31 முதல் 35 வயதுக்கான பெருக்கல் எண் 16. மொத்தம் 40,32,000.

இதற்கு மேல் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் உறவிழப்புக்கும் 40,000, சொத்து இழப்புக்கு 15,000, இறுதிச் சடங்குக்கு 15,000, இந்த மூன்றும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏறும். வட்டி தனி, தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் பெரும்பாலும் ஏழரை சதவீதம்.

இறந்தவர் மேலும் 20 சதவீதம் தப்பு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் 40,32,000 என்பது 32,25,600 ஆகிவிடும். கம்பெனி வக்கீல்கள் முழு பலத்தையும் செலவிடுவது இங்கேதான். ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் போனார்கள், லைசென்ஸ் இல்லை என்று அடுக்குவார்கள். விதி மீறினார் என்பதும் அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாயிற்று என்பதும் வேறு வேறு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று பேர் போனதாலேயே பங்குத் தப்பு ஆகிவிடாது, அதனால்தான் மோதல் நடந்தது என்று காட்ட வேண்டும்.

காயம் மட்டும் என்றால் கணக்கு வேறு. டாக்டர் கொடுக்கும் ஊன சதவீதமும் சம்பாத்திய இழப்பு சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கால் போன லாரி டிரைவருக்கு மருத்துவக் கணக்கில் 60 சதவீதமாக இருக்கலாம், அவர் தொழிலைப் பொறுத்தவரை அது நூறு. தொழில் என்ன, அந்த உறுப்பு இல்லாமல் அதைச் செய்ய முடியுமா என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவராமல் விட்டுவிடுவதால் இழப்பவர்கள் ஏராளம்.

அரசு பஸ் ஏன் ஜப்தி ஆகிறது

"நஷ்டஈடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி." கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸை நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிப்போகும் செய்தியைப் படிக்காதவர் இருக்க முடியாது. தனியார் பஸ்ஸுக்கு இப்படி நடப்பது அபூர்வம், ஏனென்றால் அங்கே பின்னால் கம்பெனி இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இழப்பீட்டுக்கென்று ஒரு நிதியை வைத்துக்கொண்டு, கட்டாய பாலிசியிலிருந்து விலக்குப் பெற 146-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இடம் தருகிறது. அப்படி விலக்குப் பெற்றால் கழகமே உரிமையாளர், கழகமே கம்பெனி. கையில் காசு இல்லாத கழகம் தீர்ப்பு வந்தும் இழுத்தடிக்கும்போது, குடும்பத்துக்கு மிஞ்சும் வழி நிறைவேற்று மனுதான். தனியாரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் தன் பஸ்ஸுக்கு விதிவிலக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை, அந்த நிதியில் பணம் இருக்கும் பட்சத்தில்.

எங்கே, எப்போது போவது

1. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் விதி. 1994 முதல் அதுவரை இப்படிக் கெடு கிடையாது. இந்த ஆறு மாதக் கெடுவையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது வேண்டாத வேலை.

2. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் ஊரிலும் போடலாம். ஓசூர் பக்கம் இறந்தவரின் குடும்பம் திருநெல்வேலியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

3. ரோட்டிலேயே பேசி முடித்து எஃப்ஐஆர் இல்லாமல் கலைந்துவிட்டு, மூன்று நாள் கழித்துக் கால் வீங்கி ஸ்கேன் எடுத்த பிறகு ஸ்டேஷனுக்குப் போனால், வண்டி நம்பரே பொய்யாகச் சேர்க்கப்பட்டது என்று கம்பெனி வாதாடும். வேறு வண்டியை, வேறு டிரைவரைச் செட் பண்ணிப் போட்ட கேஸ்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பதால் உண்மையான ஆளையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் முதல் நாளே வண்டி நம்பரும் நடந்த விதமும் ஏறியிருந்தால் இந்த வாதம் எடுபடுவது கடினம்.

4. தப்பு யாருடையது என்று நிரூபிக்க வழியில்லை என்றால் 164-ஆம் பிரிவு இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் இதை வாங்கிக்கொண்டால் 166-ல் பெரிய தொகை கேட்க முடியாது, எனவே கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

5. இடித்த வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியாவிட்டால் 161-ன் கீழ் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. இதற்குக் கோர்ட் வேண்டாம், தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் வழியாகப் போகும் மனு. பிறகு வண்டி பிடிபட்டு 166-ல் இழப்பீடு கிடைத்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.